கோழித்தீவனத்தில் கடலைப் பிண்ணாக்கு: 1960 வான்கோழிச் சாவுகளும் பின்விளைவுகளும்

நிலக்கடலையில் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் சக்கையே கடலைப் பிண்ணாக்கு ஆகும். இதில் ஏறத்தாழ 40 முதல் 45 விழுக்காடு புரதம் உள்ளது. மீன்தூளைவிட விலை குறைவு என்பதால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல நாடுகளின் கோழித்தீவனத்தில் இது முக்கிய இடம் பெற்றது. 1960இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த வான்கோழிச் சாவுகள் இதன் மீதிருந்த நம்பிக்கையைக் குலைத்தன.

பெயரில்லா நோய்

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தெற்கு, கிழக்குப் பகுதிப் பண்ணைகளில் சில மாதங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. அவை தீனி எடுக்காமல், சிறகு தொங்கிச் சோர்ந்து, ஒரு வாரத்துக்குள் இறந்தன. அறுத்துப் பார்த்தபோது கல்லீரல் சிதைந்திருந்தது. காரணமான நுண்ணுயிர் எதுவும் கிடைக்காததால் இது 'வான்கோழி எக்ஸ் நோய்' எனப்பட்டது. வாத்துக்குஞ்சுகளும் இதே போல இறந்தன.

காரணம்

நோய் கண்ட பண்ணைகளுக்குப் பொதுவாக இருந்தது தீவனமே. அதில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு கலந்திருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் விளைந்த கடலையின் பிண்ணாக்கைத் தின்ற வாத்துக்குஞ்சுகளும் இறந்ததால், குறை ஒரு நாட்டுச் சரக்கோடு நிற்கவில்லை என்பது தெரிந்தது. 1961இல் கடலையில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சையே நஞ்சைச் சுரக்கிறது எனக் கண்டறியப்பட்டது. அப்பூஞ்சையின் பெயரைக் கொண்டே அந்நஞ்சு அஃப்ளாடாக்சின் எனப் பெயர் பெற்றது. புறஊதா ஒளியில் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்ததால் அதன் வகைகள் பி, ஜி என்று பிரிக்கப்பட்டன. 1963இல் அதன் வேதிக் கட்டமைப்பும் தெளிவானது.

பிண்ணாக்கில் நஞ்சு சேரும் விதம்

ஈரம் காயாமல் மூட்டை கட்டிய கடலையில் பூஞ்சை எளிதில் படரும். ஆலையின் வெப்பம் பூஞ்சையைக் கொன்றாலும் அது சுரந்த நஞ்சை முழுதாக அழிப்பதில்லை. எண்ணெய் பிழியும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆகவே பூசணம் கண்ணுக்குத் தெரியாத பிண்ணாக்கும் நஞ்சுடையதாக இருக்கலாம்.

விளைவுகள்

நஞ்சுள்ள பிண்ணாக்கை உண்ட எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்ததால், இது பண்ணை நட்டம் என்ற அளவைத் தாண்டி மனித நலச் சிக்கலாயிற்று. பல நாடுகள் உணவிலும் தீவனத்திலும் அஃப்ளாடாக்சினுக்கு வரம்பு விதித்தன. அம்மோனியாவால் பிண்ணாக்கை நச்சுநீக்கும் முறையும் உருவானது.

கடலைப் பிண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களும் குறைவு. லைசின் மிகுந்த சோயாப் பிண்ணாக்கு முன்னணிக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் முன்பு கடலைப் பிண்ணாக்கு வகித்த இடத்தைப் பெரும்பாலும் சோயா பிடித்துக்கொண்டது.

இன்றைய நிலை

சோயாவின் விலை ஏறும்போதெல்லாம் மாற்றுப் பிண்ணாக்குகள் மீது கவனம் திரும்புகிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலுள்ள காசிப்பால் முட்டையின் மஞ்சள் கருவை நிறம் மாறச் செய்யும். சூரியகாந்திப் பிண்ணாக்கில் நார்ச்சத்து அதிகம். எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் மிகுதி என்றாலும் லைசின் குறைவு. எனவே புரத அளவோடு அமினோ அமிலச் சமநிலை, நச்சுப் பொருள், சேமிப்பு முறை ஆகியவற்றையும் சோதித்த பின்னரே ஒரு பிண்ணாக்கு தீவனத்தில் சேர்க்கப்படுகிறது.