ஒரு தாளுக்கு ஒரே ஒரு படம்: மலைப் பயணத்தில் ஷீட் ஃபிலிமைக் காப்பாற்றுவது எப்படி?

1927 ஏப்ரல் 10. அமெரிக்காவின் யோசெமிட்டியில், ஹாஃப் டோம் பாறையைப் பார்த்தபடி இருக்கும் 'டைவிங் போர்டு' என்ற விளிம்புக்கு ஏறி வந்தார் 25 வயது ஆன்செல் ஆடம்ஸ். கிளம்பும்போது பையில் 12 கண்ணாடித் தகடுகள் இருந்தன. மேலே வந்தபோது மிச்சம் இரண்டே இரண்டு. ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். மனதில் நினைத்த அளவுக்கு வானம் கருமையாக வராது என்று தோன்றியதும், கடைசித் தகட்டை அடர் சிவப்பு ஃபில்டரில் எடுத்தார். 'மோனோலித், தி ஃபேஸ் ஆஃப் ஹாஃப் டோம்' என்ற புகழ்பெற்ற படம் அதுதான்.

கண்ணாடித் தகட்டின் இடத்துக்கு இன்று ஷீட் ஃபிலிம் வந்துவிட்டது. சுமை குறைந்திருக்கிறது. ஆனால் எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய நிலைமை அப்படியேதான் இருக்கிறது. பெரிய ஃபார்மட் கேமராவோடு மலையேறுபவர்கள் இந்தத் தாள்களை எப்படிச் சுமக்கிறார்கள், எப்படிக் கையாளுகிறார்கள்?

ஷீட் ஃபிலிம் என்றால் என்ன?

ரோலாகச் சுற்றி வராமல், தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம் இது. அதிகம் புழங்கும் அளவு 4×5 அங்குலம். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு ஃப்ரேமோடு ஒப்பிட்டால் பரப்பளவு 13 மடங்கு இருக்கும். மலையின் ஒவ்வொரு மடிப்பும் பதிவாவதற்கு இந்தப் பரப்பளவு முக்கியக் காரணம்.

தாளை 'ஹோல்டர்' என்ற தட்டையான சட்டத்துக்குள், முழு இருட்டில் செருக வேண்டும். ஒரு ஹோல்டரில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாள். ஒவ்வொன்றையும் 'டார்க் ஸ்லைடு' என்ற மூடித் தகடு வெளிச்சத்திலிருந்து காக்கிறது.

எத்தனை எடுத்துப் போவது?

பத்து ஹோல்டர் கொண்டுபோனால் 20 படம். அவ்ளோதான். அந்தப் பத்து ஹோல்டரின் எடையே இலகுவான ஒரு 4×5 கேமராவின் எடையைத் தொட்டுவிடும். அதனால் பலர் ஐந்தாறு ஹோல்டரோடு ஒரு பெட்டி ஃபிலிமையும் எடுத்துக்கொண்டு, இரவில் தாள் மாற்றிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு தாளையும் தனி உறையில் போட்டுத் தந்த கோடக்கின் ரெடிலோடும் ஃபுஜியின் குயிக்லோடும் மலையேறிகளுக்கு வரமாக இருந்தன. இரண்டுமே இப்போது தயாரிப்பில் இல்லை. ஆறு தாள் பிடிக்கும் கிராஃப்மாடிக் ஹோல்டர் பழைய சந்தையில் மட்டும் கிடைக்கிறது.

தூசி ஏன் பெரிய எதிரி?

படம் எடுக்கும் நேரத்தில் தாளின் மேல் ஒரு தூசி இருந்தால், அந்த இடத்தில் வெளிச்சம் படாது. கழுவிய நெகட்டிவில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். பிரிண்ட் போட்டால் கரும்புள்ளியாகத் தெரியும். வெள்ளைப் புள்ளி என்றால் மைவைத்து மறைக்கலாம். கரும்புள்ளியை அப்படி மறைக்க முடியாது. வெளிர் வானத்தில் விழுந்தால் கதை முடிஞ்சது.

அதனால் வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. தாள் செருகும் முன் ஹோல்டரையும் டார்க் ஸ்லைடையும் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். செருகியதும் ஒவ்வொரு ஹோல்டரையும் தனி ஜிப் கவரில் போட்டுவிட வேண்டும். படம் எடுக்கும் நேரத்தில் மட்டுமே வெளியே எடுக்க வேண்டும். தூசியோடு சாரல் மழையையும் இந்தக் கவர் தடுத்துவிடும்.

எடுத்ததா, எடுக்காததா: எப்படித் தெரியும்?

டார்க் ஸ்லைடின் கைப்பிடியில் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் புதுத் தாள். கறுப்பு தெரிந்தால் படம் எடுத்தாயிற்று. பல ஹோல்டர்களில் வெள்ளைப் பக்கத்தில் சிறு புடைப்புகள் இருக்கும். இருட்டிலும் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

படம் எடுக்கும் வரிசையை மாற்றவே கூடாது. ஃபோகஸ் செய்த பிறகு லென்ஸின் ஷட்டரை மூடுங்கள். அடுத்து ஹோல்டரைச் செருகுங்கள். லென்ஸைப் பார்த்திருக்கும் பக்கத்து ஸ்லைடை உருவிப் படம் எடுங்கள். பிறகு கறுப்புப் பக்கம் வெளியே தெரியும்படி ஸ்லைடைத் திருப்பிச் செருகி, கொக்கியைப் போடுங்கள். ஷட்டரை மூட மறந்தால் அந்தத் தாள் போச்சு. நம்மைப் பார்த்திருக்கும் ஸ்லைடை உருவினால் பின்பக்கத் தாள் போச்சு. இரண்டுமே ஃபிலிமைக் கழுவும் வரை தெரியாது என்பதுதான் கொடுமை.

ஒவ்வொரு ஹோல்டருக்கும் எண் போட்டு, எந்தப் பக்கத்தில் என்ன எடுத்தோம் என்று நோட்டில் எழுதி வைப்பதும் அவசியம்.

காட்டில் இருட்டறைக்கு எங்கே போவது?

அதற்குத்தான் 'சேஞ்சிங் பேக்'. வெளிச்சம் புகாத இரட்டை ஜிப் பை. கைகளை நுழைக்க எலாஸ்டிக் வைத்த இரண்டு சட்டைக் கைகள். ஹோல்டர், புது ஃபிலிம் பெட்டி, காலிப் பெட்டி எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடிவிட்டு, தடவித் தடவியே வேலை செய்ய வேண்டும். வியர்த்த கையோடு செய்தால் தாளில் ரேகை பதியும். அதனால் ஏறி வந்த களைப்பு ஆறிய பிறகு, மாலையில் செய்வதே நல்லது.

தாளின் எந்தப் பக்கத்தில் ரசாயனப் பூச்சு இருக்கிறது? ஒரு மூலையில் இருக்கும் சிறு வெட்டுதான் அடையாளம். தாளை நெட்டுவாக்கில் பிடித்து, வெட்டு வலது மேல் மூலைக்கு வரும்படி வைத்தால் பூச்சு நம்மைப் பார்த்திருக்கும். வெட்டின் வடிவம் ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறுவதால், அது எந்த ரகம் என்பதையும் விரலாலேயே சொல்லிவிடலாம்.

எடுத்து முடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகும் மூன்றடுக்குப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, 'எடுத்தது, இருட்டில் மட்டும் திறக்கவும்' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். புதுப் பெட்டியும் பழைய பெட்டியும் பையின் ஒரே அறையில் இருக்கக் கூடாது.

குளிரும் விமான நிலையமும்

குளிரில் கிடந்த ஃபிலிமைச் சூடான இடத்தில் உடனே திறந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். கவரை மூடியபடியே வைத்து, சூடு சமமான பிறகு திறக்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஃபிலிமை விட்டுப்போவது கூடவே கூடாது.

விமானத்தில் போனால் ஃபிலிமைச் செக்-இன் பையில் போடாதீர்கள். கைப்பைகளைச் சோதிக்க இப்போது பல விமான நிலையங்களில் சிடி ஸ்கேனர்கள் வந்துவிட்டன. கழுவாத ஃபிலிமை அதற்குள் அனுப்ப வேண்டாம் என்று கோடக்கே எச்சரித்திருக்கிறது. கையால் சோதிக்கும்படி கேளுங்கள். பெட்டியைத் திறந்தால் மொத்தமும் வீணாகும் என்பதை முன்கூட்டியே பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்.

பழக்கம்தான் பாதுகாப்பு

1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் நிலவு எழுவதை ஆடம்ஸ் படமெடுத்தார். ஒரு தாள் எடுத்ததும், இன்னொன்றும் இருக்கட்டும் என்று ஹோல்டரைத் திருப்பினார். அதற்குள் கல்லறைச் சிலுவைகள் மேல் இருந்த வெயில் மறைந்துவிட்டது. மிஞ்சியது அந்த ஒரே நெகட்டிவ்.

அந்த மாதிரி நேரத்தில் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. கை தானாகச் செய்ய வேண்டும். மலைக்குப் போகும் முன் ஒரு வீணான தாளை வைத்து, முதலில் வெளிச்சத்தில் பார்த்தபடியும், பிறகு கண்ணை மூடியபடியும் செருகிப் பழகுங்கள். பத்து முறை தடுமாறாமல் வந்துவிட்டால், நீங்கள் கிளம்பலாம்.