மென்பொருளுக்கு மாதச் சந்தாவா, நிரந்தர உரிமமா? நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

புது தில்லி: கணக்கு எழுதுவது முதல் கட்டட வரைபடம் தயாரிப்பது வரை நிறுவனங்களின் அன்றாடப் பணிகள் மென்பொருளைச் சார்ந்தே நடைபெறுகின்றன. அதனை ஒரே முறை பணம் செலுத்தி நிரந்தர உரிமமாக வாங்குவதா, கிளவுட் எனப்படும் மேகக் கணிமை வழியே சந்தா செலுத்திப் பயன்படுத்துவதா என்ற கேள்விக்கு விலையை மட்டும் ஒப்பிட்டு விடை காண இயலாது. சேவை நின்றுபோகும் நாளில் நிறுவனத்தின் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

என்ன வேறுபாடு?

நிரந்தர உரிமம் பெற்ற பதிப்பைக் காலவரையின்றிப் பயன்படுத்தலாம். ஆனால், அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் என்றென்றும் கிடைப்பதில்லை. மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவடைந்தது. அவை தொடர்ந்து இயங்கினாலும், புதிதாகக் கண்டறியப்படும் குறைகள் சரிசெய்யப்படுவதில்லை.

சந்தா முறையில் புதுப்பிப்புகளும் பராமரிப்பும் கட்டணத்திலேயே அடங்கும். ஊழியர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கணக்குகளைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். சந்தா நின்றால் பயன்பாடும் நின்றுவிடும்.

சில துறைகளில் தேர்வு செய்யும் வாய்ப்பே குறைந்து வருகிறது. போட்டோஷாப் உள்ளிட்ட தொகுப்பின் அடுத்த பதிப்புகள் சந்தாவில் மட்டுமே கிடைக்கும் என அடோப் 2013ஆம் ஆண்டு அறிவித்தது. ஆட்டோடெஸ்க் 2016ஆம் ஆண்டிலும், பிராட்காம் வசமான விஎம்வேர் 2023 டிசம்பரிலும் இதே வழியைப் பின்பற்றின.

செலவுக் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஓர் உரிமத்தின் விலை ரூ.30,000, இரண்டாம் ஆண்டு முதல் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.6,000 எனவும், அதே மென்பொருளின் சந்தா மாதம் ரூ.1,000 எனவும் கொள்வோம். நான்காம் ஆண்டு முடிவில் இரண்டுக்கும் மொத்தச் செலவு ரூ.48,000 ஆகிறது. ஐந்தாம் ஆண்டு முதல் உரிமமே மலிவு. சந்தா உயர்த்தப்பட்டால் இந்தக் காலம் மேலும் சுருங்கும்.

வரிக் கணக்கிலும் வேறுபாடு உண்டு. வாங்கிய மென்பொருள் சொத்தாகக் கருதப்பட்டு, ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் அனுமதிக்கப்படுகிறது. சந்தாவைப் பொதுவாக அந்தந்த ஆண்டின் செலவாகவே காட்டலாம்.

சட்டம் சொல்வது

நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற நிறுவனங்கள் கணக்குப் பதிவேடுகளை 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். மின்னணுப் பதிவேடுகளின் நகல் இந்தியாவில் உள்ள சர்வர்களில் நாள்தோறும் சேமிக்கப்பட வேண்டும். மேலும், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிவு செய்யும், முடக்க இயலாத வசதி கணக்கு மென்பொருளில் இருப்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகும். ஆகவே, இவ்வசதி இல்லாத பழைய பதிப்புக்கு நிரந்தர உரிமம் இருந்தும் பயனில்லை.

இந்தியாவில் பரவலாகப் பயன்படும் டேலி இரு முறைகளையும் இணைக்கிறது. உரிமம் நிரந்தரமானது, முதல் ஆண்டுக்குப் பின் புதிய வெளியீடுகளைப் பெறத் தனிச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும்.

நயாரா தந்த பாடம்

குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து மைக்ரோசாப்ட் தனது சேவைகளை நிறுத்தியது. முழுக் கட்டணம் செலுத்திய உரிமங்கள் இருந்தும் சொந்தத் தரவுகளையே அணுக முடியவில்லை எனக் கூறி, நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. சில நாட்களில் சேவை மீண்டும் வழங்கப்பட்டது. கட்டணம் செலுத்தத் தவறாத நிறுவனத்துக்கும் இந்நிலை ஏற்படலாம் என்பதை இது உணர்த்தியது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

* சந்தா முடிந்தபின் தரவுகளை எத்தனை நாட்களுக்குள் பதிவிறக்கலாம்?
* அவை வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில் கிடைக்குமா?
* புதுப்பிக்கும்போது கட்டண உயர்வுக்கு வரம்பு உண்டா?
* சேவையை நிறுத்தும் முன் எத்தனை நாள் முன்னறிவிப்பு தரப்படும்?
* நிரந்தர உரிமம் எனில், ஆதரவு எந்தத் தேதி வரை நீடிக்கும்?

எம்முறையைத் தேர்ந்தெடுத்தாலும், கணக்குப் பதிவேடுகளின் நகல் ஒன்றை நிறுவனம் தன் பொறுப்பில் தனியே வைத்திருப்பது அவசியம்.