பெட்ரோலைச் சோதித்த வரலாறு

ஆரியசாலைக் கடைத்தெருவில் வாழும் நம் செவிகள் வண்டி ஓசைக்குப் பழகியவை. பாரத்தோடு மேட்டில் ஏறும் பழைய கார் 'டக் டக்' என்று இடிப்பதை நம்மிற் பலர் கேட்டிருப்போம். அவ்வொலிக்கு ஒரு வரலாறு உண்டு.

சிலிண்டருள் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் மிகுதியாக அழுத்துந்தோறும் ஆற்றல் பெருகும். ஆயின் அழுத்தம் அளவு கடந்தால், தீப்பொறியிலிருந்து சுடர் பரவி வருமுன்பே எஞ்சிய கலவை தானே வெடிக்கும். அவ்வதிர்ச்சி பிஸ்டனைச் சிதைக்கும். சிலிண்டருக்கும் அதன் தலைக்கும் இடையேயுள்ள காஸ்கெட்டைப் பிளக்கும்.

முதல் உலகப் போரை அடுத்து, இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ, ஓடும்போதே அழுத்தத்தை மாற்றத்தக்க எஞ்சினை அமைத்து, பெட்ரோல் வகைகளைத் தரம் பிரித்தார். 1921-இல் அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் சிறிது கலந்தால் இடி அடங்குமெனக் கண்டார். 1926-இல் கிரஹாம் எட்கர் ஆக்டேன் அளவை வகுத்தார். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0.

எஞ்சின் பிழைத்தது. மனிதர் நிலை யாது? 1924-இல் நியூஜெர்சி ஆலையொன்றில் ஈய நஞ்சால் ஐந்து தொழிலாளர் மாண்டனர். சிறிது காலம் நின்ற விற்பனை 1926-இல் மீண்டும் தொடங்கிற்று. புகையோடு வந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும் என்பது பின்னர் உறுதியாயிற்று. இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது 2000 பிப்ரவரி 1-இல்தான். உலகில் இறுதியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது.

காஸ்கெட் தாங்குமா என்று நுணுகிச் சோதித்தோர், தெருவோரக் குழந்தை தாங்குமா என்று தக்க காலத்தில் சோதித்திலர். புதியன வரும்போது அக்கேள்வியை முதலிற் கேட்பது நம் கடமையாகும்.