எல்லாரும் பாஸ், யாருக்குப் பெருமை?

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கிற விருதுநகர் மாவட்டம், ப்ளஸ் டூ தேர்ச்சியில பல வருஷம் மாநிலத்துலயே முதலிடம். ஸ்பெஷல் கிளாஸ் எடுத்த களைப்பெல்லாம் ரிசல்ட் அன்னைக்குப் போயிடும். ஆசிரியரோட சுயமதிப்பு அந்த எண்ணுலதான் இருந்தது.

கொரோனா அந்த எண்ணையே எடுத்துடுச்சு. 2020-ல பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, 2021-ல ப்ளஸ் டூ ரத்து. எல்லாரும் பாஸ். ப்ளஸ் டூ மார்க்ல பாதி, பழைய பத்தாம் வகுப்பு மார்க்ல இருந்து எடுத்தது. வருஷம் முழுக்க போன் முன்னாடி கத்திப் பாடம் நடத்தினவங்க, 'இது என் உழைப்பு'ன்னு எதைக் காட்டுவாங்க? கட்டணம் வராத தனியார் பள்ளிகள்ல பலருக்குச் சம்பளமும் குறைஞ்சது, சிலருக்கு நின்னே போச்சு.

நாம இதை பர்ன் அவுட்னு சொல்லி, ரெஸ்ட் எடுக்கச் சொல்லுவோம். ஆனா ரிசல்ட் இல்லாத வருஷத்துல ஒரு ஆசிரியரைப் பாராட்ட நம்மகிட்ட வார்த்தையே இல்லாமப் போச்சே, அதுக்கு என்ன ரெஸ்ட்?