மணிக்கட்டில் காணாமற்போன நாடி

உயிர் இருக்கிறதா என்று அறிய நாடியைத் தொட்டுப் பார்ப்பது நம் வழக்கம். ஆனால், நடமாடி வேலைக்குப் போகும் இளம்பெண்ணின் மணிக்கட்டில் நாடி இல்லாமற்போனால்? அப்படியும் ஒரு நோய் உண்டு. அதன் பெயர் தக்காயாசு.

1908இல் ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரில் கண் மருத்துவர்கள் கூடினர். கனசாவாவைச் சேர்ந்த மிகித்தோ தக்காயாசு, ஓர் இளம்பெண்ணின் கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் மாலைபோலப் பின்னிக் கிடந்ததை விவரித்தார். அதே அவையில் ஒனிஷி, ககோஷிமா என்னும் இருவர், தாங்கள் கண்ட இத்தகைய நோயாளிகளுக்குக் கையில் நாடியே தென்படவில்லை என்றனர். கோளாறின் வேர் கண்ணில் இல்லை! 1951இல் ஷிமிசு, சானோ ஆகியோர் இதை 'நாடியற்ற நோய்' என்றே அழைத்தனர்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துச் சுருங்குவதே இந்நோய். நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களையே அதிகம் தாக்குகிறது. முதலில் காய்ச்சல், களைப்பு, உடல் மெலிவு. பிறகு, வேலை செய்தால் கை வலிக்கும்; ஓய்ந்தால் தணியும்.

இங்கேதான் பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். விடியற்காலைப் பிரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் பால் வெட்டிய பெண் கை வலிக்கிறது என்றால், அதை நோய் என்று யார் நினைப்பார்? லயத்தில் தைலம், டிரெஸரிடம் மாத்திரை, அதோடு சரி.

இந்திய நோயாளிகளிடம் சிறுநீரகத் தமனி சுருங்குவது அதிகம். அதனால் இளவயது இரத்த அழுத்தமே பலருக்கு முதல் அறிகுறி. நோய் உள்ளே கனன்றாலும் இரத்தச் சோதனை சீராகக் காட்டலாம். எனவே வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் தெபாஷிஷ் தண்டா உள்ளிட்ட இந்திய மருத்துவர்கள், நாடியையும் அழுத்தத்தையும் தமனியின் இரைச்சலையும் கொண்டு நோயின் வேகத்தை அளக்கும் முறையை வகுத்து, 2013இல் வெளியிட்டனர்.

ஸ்டீராய்டு மாத்திரையும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் நோயைக் கட்டுப்படுத்துகின்றன. அழற்சி தணிந்தபின், தேவையானால் அடைப்புக்கு அறுவை சிகிச்சை உண்டு. சுகம் கண்டதும் மருந்தைத் தாமே நிறுத்துவது ஆபத்து.

லயம் போய்விட்டது, சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பெரிய மருத்துவமனை தொலைவிலும் இல்லை. ஸ்கேன் வரை போவதற்கு முன் வேண்டியது ஒன்றே: இளம்பெண்ணுக்குக் காரணம் தெரியாத கைவலியோ இரத்த அழுத்தமோ இருந்தால், இரு கைகளிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்பது. ஒரு கை மறைப்பதை மறு கை சொல்லிவிடும்.