ஏக்-மோர்த்: ஒரு கோட்டை நகரும் ஒரு சொல்லும்

பிரெஞ்சு நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றைக் கற்போர் ஒரு சொல்லை நன்கு அறிவர். தென் பிரான்சிலுள்ள ஏக்-மோர்த் என்னும் சிறு நகரில், கொன்ஸ்தான்ஸ் கோபுரத்தின் மேல்தள அறையில், தரையின் நடுவேயுள்ள வட்டத் திறப்பின் கல் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும் அச்சொல்லுக்கு 'எதிர்த்து நிற்றல்' என்பது பொருள். நமது பிரசங்கங்களில் அதனை எடுத்தாளுகிறோம், பாடசாலைகளில் கற்பிக்கிறோம். ஆயின் அக்கல் எக்கட்டடத்தைச் சேர்ந்தது, அக்கட்டடம் எந்நகரைச் சேர்ந்தது, அந்நகரில் வேறு என்னென்ன நடந்தன என்று நாம் கேட்பது அரிது. ஆகவே இக்கட்டுரையில் நகரிலிருந்து தொடங்கிச் சொல்லை நோக்கிச் செல்ல விரும்புகிறோம்.

ரோன் ஆற்றின் கழிமுகத்திற்கு மேற்கே, உப்பங்கழிகளும் சதுப்பு நிலங்களும் சூழ்ந்த சமவெளியில் இந்நகர் அமைந்துள்ளது. 'செத்த நீர்' என்பதே அதன் பெயர்ப் பொருள்; ஓடாமல் தேங்கி நிற்கும் கழிநீரைக் கண்டு மக்கள் இட்ட பெயர் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு மன்னருக்கு மத்தியதரைக் கடலை நோக்கித் தமக்கென ஒரு துறைமுகம் இல்லை. மார்சேய் புரோவான்சு கோமகனின் ஆட்சிக்கு உட்பட்டது; மோன்பெலியே அரகோன் மன்னரின் உடைமை. சிலுவைப் போருக்குப் புறப்பட விரும்பிய ஒன்பதாம் லூயி, சல்மோடி மடத்துத் துறவியரிடமிருந்து இந்நிலத்தைப் பெற்றார். காய்ச்சலும் கொசுவும் மிகுந்த இடத்திற்கு யார் குடிவருவர்? எனவே 1246இல் குடியேறுவோருக்கு வரிவிலக்கு முதலிய சலுகைகளை அளித்துப் பட்டயம் வழங்கினார். 1248இல் இங்கிருந்தே எகிப்தை நோக்கிக் கப்பலேறினார். 1270இல் மீண்டும் இங்கிருந்தே புறப்பட்டுத் தூனிசு நகருக்கு வெளியே நோயுற்று இறந்தார். உரோமைத் திருச்சபை 1297இல் அவரைப் புனிதராக அறிவித்தது. நகரின் நடுச் சதுக்கத்தில் இன்று நிற்கும் அவரது சிலை, சிற்பி பிராதியே 1849இல் செய்தது.

கொன்ஸ்தான்ஸ் கோபுரம் இம்மன்னர் காலத்துக் கட்டடம். முப்பது மீட்டருக்கு மேல் உயர்ந்த உருளை வடிவம். சுவரின் கனம் ஆறு மீட்டர். உள்ளே கவிகை வளைவுடைய இரண்டு வட்ட அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. உச்சியிலுள்ள சிறு கூண்டில் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டினர். நகரைச் சுற்றியுள்ள மதில்களை லூயி கண்டதில்லை. அவருடைய மகன் மூன்றாம் பிலிப்பு 1272இல் தொடங்கிய அவ்வேலை, அந்நூற்றாண்டின் இறுதியளவில் பேரன் காலத்திலேயே முடிவுற்றது. ஏறத்தாழ 1,640 மீட்டர் சுற்றளவுள்ள அம்மதில் பெரும் சிதைவின்றி இன்றும் நிற்கிறது. துறைமுகம் வண்டலால் தூர்ந்து, 1481இல் மார்சேய் பிரெஞ்சு முடியின்கீழ் வந்தபின் நகர் தன் வாணிகத்தை இழந்தது. வளம் குன்றிய நகர் மதிலை இடித்துப் பரந்து வளராததும் அது நிலைத்ததற்கு ஒரு காரணம் எனலாம்.

ஏனைய சின்னங்களைச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறோம். மணல்வெளி அன்னையின் ஆலயம் பதின்மூன்றாம் நூற்றாண்டினது. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் கிளோது வியாலா என்னும் ஓவியர் 1991இல் வரைந்தவை. சதுப்பு நிலத்தினூடே நகருக்கு வரும் பழைய பாதையைக் காக்கக் கார்போன்னியேர் கோபுரம் தனித்து நிற்கிறது. மதிலின் மூலையொன்றில் பூர்கோஞ்ஞர் கோபுரம் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டுப் போரில் கொல்லப்பட்ட பகைவரின் உடல்களை அங்கே உப்பிட்டு அடுக்கினர் என்பது ஊர்க்கதை. கதையாகவே அதனைக் கொள்வோம். ஆனால் உப்பையும் கொலையையும் இணைத்து இவ்வூர் ஒரு கதை வைத்திருப்பதை மனத்தில் கொள்க.

சீர்திருத்தக் காலத்திற்கு வருவோம். இக்கோபுரம் நம்மவருக்கென்றே கட்டப்பட்ட சிறை என்னும் எண்ணம் மாணவரிடையே காணப்படுகிறது. அது சரியன்று. 1307இல் நாடெங்கும் கைது செய்யப்பட்ட தேவாலய வீரர் சபையினருள் ஒரு பகுதியினர் இங்கே அடைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டனர். மேலும், 1576ஆம் ஆண்டு அரசாணையின்படி ஹியூகனோட்டுகளுக்குப் பாதுகாப்பிடங்களாக அளிக்கப்பட்ட நகர்களுள் ஏக்-மோர்த்தும் ஒன்று. அதாவது, பிற்காலத்தில் நம் சகோதரிகள் அடைபட்டிருந்த கோட்டையின் திறவுகோல் அதற்கு முன்னர் நம் கட்சியினரின் கையில் இருந்தது. 1622இல் அது மன்னரின் வசமாயிற்று. 1598இல் நான்காம் ஹென்றி அளித்த நாண்ட் அரசாணையை அவருடைய பேரன் பதினான்காம் லூயி 1685இல் நீக்கினார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாடு கடத்தப்பட்டனர், விசுவாசிகள் நாட்டைவிட்டு வெளியேறுவது குற்றமாயிற்று. விரைவில் கோபுரத்தின் கதவு ஹியூகனோட்டுக் கைதிகளுக்காகத் திறந்தது.

தொடக்கத்தில் ஆடவரும் அங்கே அடைக்கப்பட்டனர். செவென் மலைநாட்டுக் கமிசார் கிளர்ச்சியின் தலைவருள் ஒருவரான ஆபிரகாம் மசேல், 1705இல் சாளரக் கல்லைப் பெயர்த்துப் போர்வைகளை முடிச்சிட்டுக் கயிறாக்கிப் பதினாறு தோழருடன் இறங்கித் தப்பினார். பின்னர் கோபுரம் பெண்களின் சிறையாயிற்று. காடுகளிலும் குகைகளிலும் மறைவாகக் கூடிய 'வனாந்தரத் திருச்சபை'யின் ஆராதனையில் கலந்துகொண்டதே அவர்களுட் பெரும்பாலோரின் குற்றம். தண்டனைக்குக் கால எல்லை இல்லை.

மரி துரான் 1711இல் விவாரே நாட்டின் பூஷே என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய அண்ணன் பியேர் துரான் வனாந்தரத் திருச்சபையின் போதகர். அவரைப் பிடிக்க இயலாத அதிகாரிகள் முதலில் தந்தையைச் சிறைப்படுத்தினர். 1730இல் பத்தொன்பது வயதை எட்டிக்கொண்டிருந்த தங்கையைக் கோபுரத்திற்கு அனுப்பினர். 1732இல் பியேர் பிடிபட்டு மோன்பெலியேயில் தூக்கிலிடப்பட்டார். அண்ணனைப் பிடிக்கவே தங்கை அடைக்கப்பட்டார் என்றால், அவர் இறந்தபின் கதவு திறந்திருக்க வேண்டுமன்றோ? திறக்கவில்லை. மரி அங்கே இருந்தது முப்பத்தெட்டு ஆண்டுகள்.

அவர் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ ஐம்பது கிடைத்துள்ளன. வீரமொழிகளை எதிர்பார்த்து அவற்றைப் படிப்பவர் ஏமாற்றம் அடையக்கூடும். துணி வேண்டும், உதவிப் பணம் வந்து சேர்ந்தது, இன்னார் நோயுற்றிருக்கிறார் என்பன போன்ற செய்திகளே மிகுதி. எழுதத் தெரியாத தோழியருக்காகவும் அவரே எழுதினார். அனாதையாகிவிட்ட அண்ணன் மகளுக்குத் தாயைப் போல் அறிவுரை கூறினார். அவருடன் இருந்த இசபோ மெனே என்பவர் கணவரோடு பிடிபட்டவர்; கணவர் துடுப்புக் கப்பலில் அடிமைத் தண்டனை பெற்று மடிந்தார்; சிறையிலேயே பிறந்த மகனைச் சில ஆண்டுகளுக்குப் பின் பிரிய நேர்ந்தது. இசபோ மனநிலை குலைந்து, 1750இல் தந்தையின் வீட்டிற்கு அனுப்பப்பட்டார். இவருடைய பெயரைப் பிரசங்கத்தில் நாம் கேட்டதில்லை.

இனி அச்சொல். அது எழுத்துப் பிழையுடன் பொறிக்கப்பட்டுள்ளது. பேச்சொலியைப் பின்பற்றிய கை அது. பொறித்தவர் மரி என்பது மரபுவழிச் செய்தி, கையொப்பம் இல்லை. நாம் பெரும்பாலும் அதனை 'எதிர்த்து நில்!' என்று ஏவலாக மொழிபெயர்த்து, பேதுருவின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தோடு இணைக்கிறோம். மூலத்தில் அது ஏவல் அன்று. முன்னிலையும் இல்லை, படர்க்கையும் இல்லை. பிறரை நோக்கி விடுத்த கட்டளையாக அன்றி, ஒருவர் தமக்கே நாள்தோறும் சொல்லிக்கொண்ட ஒன்றாக அதனைப் படிப்பதே பொருத்தம் என்று கருதுகிறோம். ஏனெனில் அப்பெண்கள் சுவரை உடைக்க வேண்டியதில்லை. 'மறுதலிக்கிறேன்' என்று சொன்னால் போதும். விடுதலைக்கு வழி பிறந்துவிடும்.

சிலர் சொன்னார்கள், வெளியேறினார்கள். அவர்களைப் பற்றி நாம் என்ன கூறுவது? இங்கேதான் நமது போதனை தடுமாறுகிறது. 1685க்குப் பின் நாட்டைவிட்டு ஓடாமல் தங்கியோரில் மிகப் பெரும்பாலோர் வெளியளவில் மறுதலித்தவர்களே. சட்டம் அவர்களைப் 'புதிய கத்தோலிக்கர்' என்றது. 1715இல் அன்ட்வான் கூர் முதல் சினாடைக் கூட்டி வனாந்தரத் திருச்சபையை ஒழுங்குபடுத்தியபோது, அதில் வந்து சேர்ந்தோர் பெரும்பாலும் இவர்களும் இவர்களுடைய பிள்ளைகளுமே. பூசைக்குச் சென்றோர் சபைமுன் மனம் வருந்தி அறிக்கை செய்யவேண்டும் என்று சினாடுகள் விதித்தன. ஆனால் கதவை அடைக்கவில்லை. கார்த்தேஜில் சிப்ரியான் எதிர்கொண்ட அதே சிக்கல் இது. மரி துரானை மட்டும் கூறி இவர்களை விட்டுவிடும் பிரசங்கம், அவரைப் பெற்ற சபையையே விட்டுவிடுகிறது என்பது நமது துணிபு.

1767இல் லாங்தோக் மாகாணத்தின் படைத்தலைவரான பொவோ பிரபு கோபுரத்திற்கு வந்தார். உடன் வந்த அவருடைய சகோதரி மகன் பூஃப்ளேர், இருளிலும் துர்நாற்றத்திலும் பதினான்கு பெண்களைக் கண்டதாகப் பின்னர் எழுதினார். பொவோ கத்தோலிக்கர், அரசவையின் மனத்தாங்கலைப் பொருட்படுத்தாமல் அவர்களின் விடுதலைக்காக நின்றார். மரி 1768 ஏப்பிரலில் வெளிவந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் சிறை காலியாயிற்று. ஆம்ஸ்டர்டாமிலிருந்த வலோன் திருச்சபை அனுப்பிய உதவித்தொகையைக் கொண்டு, உடன் விடுதலையான தோழியுடன் பூஷே வீட்டில் வாழ்ந்து 1776இல் மரித்தார். புராட்டஸ்தாந்தருக்குச் சட்டப்படி குடும்ப வாழ்வுரிமை அளித்த ஆணை 1787இல்தான் வந்தது. அதனை அவர் காணவில்லை.

நகரின் வரலாறு இத்துடன் முடியவில்லை. சுற்றியுள்ள உப்பளங்களில் ஒவ்வொரு கோடையிலும் பிரெஞ்சுக் கூலிகளும் இத்தாலியக் கூலிகளும் உப்பு வாரினர். 1893 ஆகஸ்டு 16ஆம் நாள் வேலைத்தலத்தில் எழுந்த சச்சரவு, இத்தாலியர் ஊராரைக் கொன்றுவிட்டனர் என்னும் வதந்தியாக நகருக்குள் பரவிற்று. அன்று மாலை இத்தாலியர் சிலர் ஒரு ரொட்டிக் கடைக்குள் அடைக்கலம் புகுந்தனர். கூட்டம் அதனை முற்றுகையிட்டது. மறுநாள் காவலர் பாதுகாப்பில் அழைத்துச் செல்லப்பட்டவர்களையே மதிலோரத்தில் அடித்துக் கொன்றனர். அரசுக் கணக்கின்படி இறந்தோர் எட்டுப் பேர். மிகுதியானோர் என்பாரும் உளர். அவ்வாண்டு டிசம்பரில் அங்குலேம் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது.

நம் மாணவருள் எவரேனும் அந்நகருக்குச் செல்ல வாய்ப்புக் கிடைப்பின், கல்லில் உள்ள சொல்லைப் பார்த்தவுடன் திரும்பிவிடாமல் கோபுரத்தின் மேல்தட்டு வரை ஏறுமாறு கேட்டுக்கொள்கிறோம். தெற்கே உப்பளங்கள் அங்கிருந்து தெளிவாகத் தெரியும்.