கழுதையிடம் விட்ட முடிவு

பெரியம்மாவின் பைபிளில் பக்க அடையாளம் ஒரு குருத்தோலை. குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்ததைச் சிலுவையாக மடித்து வைத்தது. இப்போது பழுப்பேறி, தொட்டால் நார் உதிரும். சாம்பல் புதனுக்குக் கோயிலில் பழைய ஓலைகளைக் கேட்டு வாங்குவார்கள். இதை மட்டும் அவர் கொடுப்பதில்லை.

புதுச்சேரிப் பக்கத்துப் பூரணாங்குப்பத்தில் விடியும் முன்பே எழுந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத் திண்ணை லைட்டைப் போடுவார். ஓலை இருக்கும் இடத்தைப் பிரித்து நாலைந்து வரி படிப்பார். மூடிவிடுவார். அப்புறம் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். கிட்டே போனால் கையால் சைகைதான்.

சித்தி மகளுக்கு வரன் வந்திருந்த சமயம். சித்தி ஓடிவந்து, "அக்கா, கண்ண மூடிக்கிட்டு ஒரு வசனம் எடுத்துக் குடேன், சரியா வருமான்னு பாத்துடலாம்" என்றார்.

"இது என்ன கிளி ஜோசியமாடி? நீயே உக்காந்து படி. ரெண்டு நாள் போவட்டும். எது மனசுல நிக்குதுன்னு பாரு."

'எது நிக்குதுன்னு பாரு' என்பது பெரியம்மாவின் சொந்தச் சரக்கு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அதற்கு ஐந்நூறு வயது. பிறந்தது ஒரு நோயாளியின் கட்டிலில்.

1521 மே 20. ஸ்பெயினின் பாம்ப்லோனா கோட்டைமேல் பிரெஞ்சுப் படை சுட்ட குண்டு, லொயோலா ஊர்ப் பிரபு வீட்டுப் பிள்ளை ஒருவரின் வலது காலை நொறுக்கியது. பின்னாளில் இஞ்ஞாசியார் என்று நாம் அறியும் அவருக்கு அப்போது முப்பது வயது. கட்டிய எலும்பு கோணலாகக் கூட, மறுபடி உடைத்துக் கட்டினார்கள். அதற்குப் பிறகும் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி நின்றது. பாங்கான பூட்ஸ் போட முடியாதே என்று, மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், அதை ரம்பத்தால் அறுக்கச் சொன்ன மனிதர் அவர்.

படுக்கையில் பொழுது போகவில்லை. வீரதீரக் காதல் கதைகள் இருந்தால் கொடுங்கள் என்றார். அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. இருந்தது இரண்டே: புனிதர்களின் வரலாறும், லுடோல்ஃப் என்ற துறவி எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கையும். வேறு வழியில்லாமல் படித்தார். பிடித்துப்போய், பிடித்த இடங்களை நோட்டில் எழுதவும் ஆரம்பித்தார். இயேசு பேசியது சிவப்பு மையில், மாதா பேசியது நீல மையில்.

நடுநடுவே பகற்கனவு. ஒரு சீமாட்டியின் மனத்தைக் கவர என்னென்ன சாகசம் செய்யலாம் என்று மணிக்கணக்கில் யோசிப்பார். அது முடிந்தால் நெஞ்சு வறண்டுவிடும். இன்னொரு சமயம், புத்தகத்தில் படித்த புனிதர் பிரான்சிஸ் அசிசியைப் போல நாமும் புறப்பட்டால் என்ன என்று யோசிப்பார். அந்த நினைப்பு போன பிறகும் உள்ளே குளிர்ச்சி இருக்கும். யோசிக்கும்போது இரண்டுமே இனிக்கத்தான் செய்தன. வித்தியாசம் பின்சுவையில். ஒருநாள் அவருக்கு அது உறைத்தது. பெரியம்மாவின் வாக்கியம் பிறந்தது அந்த நாளில்தான் என்பேன்.

ஆனால் கற்றது உடனே கைக்கு வந்துவிடவில்லை. கால் தேறி மொன்செராத் மலைக் கோயிலுக்குப் புறப்பட்டபோது, வழியில் ஒரு மூர் இனத்தவர் மாதாவின் கன்னிமையைப் பற்றி வாதம் செய்துவிட்டு முந்திப் போனார். துரத்திப்போய்க் குத்துவதா, விடுவதா? இவருக்குப் புரியவில்லை. கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார்: அது அந்த ஆள் போன ஊர்ப்பக்கம் திரும்பினால் குத்து, நேரே போனால் விடு. ஊர் முப்பது நாற்பது தப்படியில், அதற்குப் போகும் பாதையும் அகலம். ஆனாலும் கழுதை நேரே போனது. சித்தி கேட்ட வசனமும் இந்தக் கழுதையும் ஒரே ஜாதிதான். இதை மறைக்காமல், வயதான காலத்தில் அவரே சொல்லிவைத்தார் என்பதால் எனக்கு அவர்மேல் கூடுதல் மரியாதை.

பிறகு மன்ரேசா ஊரில் பத்து மாதத்துக்கும் மேலாக ஜெபமும் தவமும். அங்கே எழுதத் தொடங்கிய குறிப்புகள்தான் 'ஆன்மிகப் பயிற்சிகள்'. 1548-ல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு ரோமில் அச்சானது. முப்பது நாள் மௌனத்தில் செய்வது. வேலைவெட்டியை விட முடியாதவர்களுக்குத் தினம் கொஞ்சநேரம் என்ற ஏற்பாடும் அதிலேயே உண்டு. சுவிசேஷக் காட்சிக்குள் நீயே போய் நின்று பார், கேள் என்பது முறை. நிறையத் தெரிந்துகொள்வதைவிட உள்ளே ருசிப்பதே முக்கியம் என்கிறது.

இந்த ருசியும் அவர் கண்டுபிடித்ததல்ல. லுடோல்ஃப் கர்த்தூசியத் துறவி. அதே சபையில் 12-ஆம் நூற்றாண்டில் மடத்தலைவராக இருந்த இரண்டாம் கிகோ, வேதம் படிப்பதை வாயில் சோறு வைப்பதற்கும் தியானிப்பதை மெல்லுவதற்கும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். துறவிகள் இதற்கு வைத்திருந்த லத்தீன் சொல்லுக்கு நேர்ப்பொருள் அசைபோடுதல். மாட்டுக்கொட்டகைப் பக்கத்துத் திண்ணையில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இஞ்ஞாசியாரின் தோழர் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களுடைய சேசு சபையார் புதுச்சேரிக்கும் வந்துவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்ததைப் 'பயிற்சி' என்றால் யாருக்கும் ஒட்டாது. நம்மவர்கள் ஏற்கெனவே வைத்திருந்த 'தியானம்' அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. இன்றும் தவக்காலத்தில் 'தியானத்துக்குப் போறேன்' என்றால் அர்த்தம் தனி.

ஆனால் கையில் பைபிள்? தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-லேயே தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்துவிட்டார். சீர்திருத்த சபையார் வீட்டில் அது புழங்கியது. கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலைதான். சாமியாரோ உபதேசியாரோ சொல்லக் கேட்டதை மணி உருட்டி அசைபோட்டார்கள். எங்கள் ஆயாவுக்கு எழுத்தே தெரியாது. ஆனால் கெத்சமனித் தோட்டத்தைப் பக்கத்துக் கொல்லை மாதிரிச் சொல்வார். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசிகள் எல்லாரும் வேதத்தை அடிக்கடி படிக்க வேண்டும் என்று அறிவித்தது. இரண்டே வருஷத்தில், நம் புதுச்சேரி மறைமாவட்டத்துச் சாமியார் அமலோற்பவதாஸ் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கினார். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 'திருவிவிலியம்' 1995-ல் வந்தது. பெரியம்மா வைத்திருப்பது அதுதான்.

சித்தி மூன்றாம் நாள் காலையில் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"பேசுறப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. நகை, வீடு, எல்லாம். அவங்க போனப்புறம் நெஞ்சு காஞ்சுபோவுது."

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஓலையை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டு, டீ போட எழுந்து போனார்.